காஞ்சி தந்த பேரறிஞர் அண்ணா: விழாவும் விலையும்



ஆண்டறிக்கை என்றாலே வரவும் செலவும் அதில் இடம்பெறும். எந்தச் செலவு தேவையானது, எது வீண்விரயம் என்னும் வினா, கணக்கு வாசிக்கப்படும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுவது இயல்பு. பந்தலுக்கும் மின்விளக்குக்கும் வரவேற்பு வளைவுக்கும் ஆன தொகையைக் கேட்டவுடன், அத்தொகையில் எத்தனை மாணவர்களுக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்தியிருக்கலாம் என்று யாரேனும் ஒருவர் கேட்பார். விழா இல்லாவிட்டால் ஊர் ஒன்றுகூடுவது எப்போது என்று மற்றொருவர் மறுமொழி கூறுவார். இரண்டும் நியாயமான பேச்சுகளே. ஓர் ஊரில் எழும் இதே வினா ஒரு நாட்டின் அரசியலிலும் எழுகிறது. பெயர் மாற்றம், சிலை, மாநாடு, ஊர்வலம், நினைவிடம் ஆகியவற்றுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவது தகுமா?

இவ்வினாவை ஆராய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. முசரவாக்கத்தில் வாழும் நமக்குப் பக்கத்தில் இருக்கும் காஞ்சி மாநகரில் பிறந்து, இம்மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்னும் பெயரைச் சூட்டிச் சென்ற பேரறிஞர் அண்ணாவின் வாழ்க்கையே அதற்குரிய பாடநூலாக இருக்கிறது. அடையாளங்களின் ஆற்றலை அவரளவுக்கு அறிந்த தலைவர் தமிழகத்தில் அரிது. ஆடம்பரத்தின் வெறுமையைக் கேலி செய்தவரும் அவரே. இவ்விரண்டும் ஒருவரிடத்தில் எவ்வாறு பொருந்தின என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காஞ்சீவரம் நடராசன் அண்ணாதுரை 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் காஞ்சிபுரத்தில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் நடராசன், தாயார் பங்காரு அம்மாள். அவரை வளர்த்தெடுத்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மையார். நெசவுத் தொழிலையே பெரும்பான்மையாகக் கொண்ட செங்குந்தர் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதால், தறியின் ஓசையும் பாவு நீட்டும் தெருவும் அவருக்குப் பிள்ளைப் பருவத்திலேயே பழகியவை. காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளியில் பயின்றபோது குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பை இடையில் நிறுத்தி, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சிறிது காலம் பணியாற்ற நேர்ந்தது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பொருளாதாரமும் அரசியலும் கற்று முதுகலைப் பட்டம் பெற்றார். 1930-இல் இராணி அம்மையாரை மணந்தார். இத்தம்பதியர்க்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. தமக்கையின் பேரப்பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர்.

1934-இல் திருப்பூரில் நடைபெற்ற செங்குந்தர் இளைஞர் மாநாட்டில் தந்தை பெரியாரைச் சந்தித்தது அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. நீதிக்கட்சியிலும் சுயமரியாதை இயக்கத்திலும் பணியாற்றினார். விடுதலை, குடியரசு இதழ்களில் எழுதினார். 1938-இல் இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போரில் சிறை சென்றார். 1942-இல் காஞ்சிபுரத்திலிருந்து திராவிட நாடு என்னும் கிழமை இதழைத் தொடங்கினார். பெரிய செல்வர் எவரும் பின்னால் நிற்காமல், சிற்றூர்களின் படிப்பகங்களிலும் முடிதிருத்தகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் கேட்க, அவ்விதழ் பரவியது.

நம் பொருளுக்கு முதன்மையான நிகழ்ச்சி 1944-ஆம் ஆண்டு சேலத்தில் நடந்தது. அதுவரை நீதிக்கட்சி பட்டம் பெற்றோரின் கட்சியாக விளங்கியது. சர் என்றும் திவான் பகதூர் என்றும் ராவ் பகதூர் என்றும் ஆங்கிலேய அரசு வழங்கிய விருதுகளைப் பெயருக்கு முன்னால் தரித்துக்கொண்டவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். சேலம் மாநாட்டில் கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என மாற்றப்பட்டது. அத்துடன், அரசு அளித்த பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் உறுப்பினர்கள் துறக்க வேண்டும், பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தையும் நீக்க வேண்டும் என்ற தீர்மானங்களும் நிறைவேறின. அண்ணாதுரை தீர்மானங்கள் என்றே அவை வரலாற்றில் வழங்குகின்றன. பட்டத்தை விட மனமில்லாத சிலர் விலகிச் சென்றனர். பட்டம் என்பது வெறும் சொல்லாயின் அதை விடுவதற்கு ஒருவர் ஏன் தயங்க வேண்டும் என்ற எண்ணம் இதைப் படிக்கும் எவர்க்கும் தோன்றும். அடையாளங்கள் பொருளற்றவை என்று வாதிடுவோர் தம் சொந்த அடையாளத்தை மட்டும் இறுகப் பற்றிக்கொள்வதை நாம் இன்றும் காண்கிறோம்.

இதே காலத்தில் அவர் எழுதிய நாடகம் ஒன்று, முடிசூட்டு விழா என்னும் ஆடம்பரத்தையே கருப்பொருளாகக் கொண்டது. சிவாஜி கண்ட இந்து ராஜ்யம் என்பது அதன் பெயர். வாளால் நாட்டை வென்ற மராட்டிய வீரர், அரியணையில் அமர்வதற்குச் சடங்கின் ஒப்புதலை வேண்டிக் காத்திருக்க நேர்ந்த வரலாற்றை அது மேடையில் காட்டியது. 1674-இல் ராய்கட் கோட்டையில் நடைபெற்ற அவ்விழாவுக்குக் காசியிலிருந்து காகபட்டர் வரவழைக்கப்பட்டார் என்பதும், தானங்களுக்கும் விருந்துகளுக்கும் பெருஞ்செல்வம் செலவாயிற்று என்பதும் வரலாறு. நாடகத்தில் காகபட்டராக அண்ணாவே நடித்தார். சிவாஜியாக நடித்த கணேசன் என்னும் இளைஞருக்கு அந்தப் பாத்திரமே பெயராகி நிலைத்துவிட்டது. உழைப்பாலும் வீரத்தாலும் ஏற்கெனவே பெற்றுவிட்ட ஒன்றுக்குப் பிறரிடம் விலைகொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டிய இழிநிலையை அந்நாடகம் பார்வையாளர் நெஞ்சில் தைக்குமாறு காட்டிற்று. பின்னாளில் தாமே அரசுப் பொறுப்பை ஏற்று விழா எடுக்கும் நிலை வரும் என்று அந்நாடகத்தை எழுதியபோது அவர் எண்ணியிருப்பாரோ என்னவோ!

ஆடம்பர விழாவுக்கும் பசிக்கும் உள்ள முரண்பாட்டை நம் மண் அதற்கு முன்பே கண்டிருக்கிறது. 1877-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், விக்டோரியா இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்டதைக் கொண்டாட, வைசிராய் லிட்டன் தில்லியில் மாபெரும் தர்பார் நடத்தினார். மன்னர்களும் சிற்றரசர்களும் யானைகளோடும் படைகளோடும் திரண்டனர். விருந்துகள் பல நாள் நீடித்தன. அதே நாள்களில் சென்னை மாகாணம் தாது ஆண்டுப் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தது. அந்த தர்பாரால் பேரரசுக்கு ஏற்பட்ட பெருமை இன்று எவர் நினைவிலும் இல்லை. பஞ்சமோ நாட்டுப்புறப் பாடல்களில் இன்னும் இருக்கிறது.

அண்ணாவின் அரசியலில் அடையாளங்கள் பெரும்பாலும் செலவற்றவையாகவே இருந்தன என்பதை உற்றுநோக்க வேண்டும். 1947 ஆகஸ்ட் 15-ஐத் துக்க நாளாகப் பெரியார் அறிவித்தபோது, அந்நிய ஆட்சி நீங்கிய நாளை மகிழ்ச்சியுடனேயே ஏற்க வேண்டும் எனத் தம் தலைவரிடமிருந்து வெளிப்படையாக மாறுபட்டார். 1949 செப்டம்பர் 17-இல் சென்னை ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டது. பிரிந்து வந்த கட்சியிலும் தலைவர் நாற்காலி பெரியாருக்கே உரியது என்று அதை வெற்றிடமாக வைத்தார். அண்ணா உயிரோடு இருந்த இருபது ஆண்டுகளும் அந்த நாற்காலியில் எவரும் அமரவில்லை. பொதுச்செயலாளரே கட்சியை நடத்தினார். ஒரு காலி நாற்காலிக்கு ஆகும் செலவு என்ன? ஒன்றுமில்லை. ஆயினும், பிரிவினால் மனம் நொந்த தொண்டர்களுக்கு அது சொன்ன செய்தியை நூறு மேடைகளாலும் சொல்லியிருக்க இயலாது.

கைத்தறித் துயரத்தின்போது அவர் செய்ததும் அத்தகையதே. 1952-இல் நெய்த துணி விலைபோகாமல் தேங்கி, தறிகள் நின்று, நெசவாளர் குடும்பங்கள் கஞ்சித்தொட்டிகளை நாட வேண்டிய நிலை ஏற்பட்டது. காஞ்சிபுரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறி நின்ற வீட்டில் அடுப்பு எரியாது. 1953-இல் கழகத்தின் முன்னணித் தலைவர்கள் கைத்தறித் துணி மூட்டைகளைத் தோளில் சுமந்து ஊர் ஊராகத் தெருவில் கூவி விற்றனர். அண்ணா திருச்சியில் விற்றார். அவர்கள் விற்ற துணியால் மட்டும் நெசவாளர் துயர் தீர்ந்துவிடவில்லை, தீரவும் முடியாது. தேங்கிக்கிடந்த துணிக்கு முன் அவ்விற்பனை மிகச் சிறிது. ஆனால் கைத்தறி உடுத்துவது ஒரு கடமை என்னும் எண்ணம் படித்த இளைஞரிடையே பரவியது. ஒரு சின்னச் செயல் சந்தையையே சற்று அசைத்தது எனலாம். காஞ்சிபுரத்தில் அவர் பெயரைத் தாங்கிய பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இயங்கிவருவது இவ்வுறவின் தொடர்ச்சியே.

இத்துடன் மற்றொரு பக்கத்தையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. அடையாளப் போர்கள் எப்போதும் செலவற்றவையாக இருந்ததில்லை. 1963-இல் ஆட்சிமொழி பற்றிய அரசியலமைப்புப் பகுதியை எரிக்கும் போராட்டத்தை அறிவித்து அண்ணா ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 1964 சனவரியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி திருச்சியில் தீக்குளித்து மாண்டார். 1965 சனவரி 26, குடியரசு நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கக் கழகம் முடிவு செய்தது. மாணவர் கிளர்ச்சி மாநிலமெங்கும் பரவி, துப்பாக்கிச் சூட்டிலும் தீக்குளிப்பிலும் பல உயிர்கள் போயின. உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டாம் என அண்ணா வேண்டினார் என்பது உண்மை. எனினும் அடையாளத்தின் நெருப்பை மூட்டுவோர் கையில் அதன் அளவு எப்போதும் அடங்கி நிற்பதில்லை. விழாச் செலவைக் கணக்கிடும் நாம், ரூபாயை மட்டும் எண்ணுவது போதாது.

தமிழ்நாடு என்னும் பெயரின் வரலாறு இவ்வினாவின் நடுப்பகுதி. 1956-இல் விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு தொடங்கி, எழுபது நாள்களுக்கு மேல் நோற்று, அக்டோபர் 13-இல் உயிர்நீத்தார். சென்னை மாகாணத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிட வேண்டும் என்பது அவரது கோரிக்கைகளுள் ஒன்று என்பதை யாவரும் அறிவர். பதவியில் இருப்போர் ஆடம்பரமின்றி வாழ வேண்டும், இரயிலில் அனைவரும் ஒரே வகுப்பில் பயணம் செய்ய வேண்டும் என்பனவும் அவர் கோரிக்கைகளே என்பதைப் பலர் மறந்துவிட்டனர். பெயரைக் கேட்டவரும் எளிமையைக் கேட்டவரும் ஒருவரே. பெயரை நாம் பெற்றுக்கொண்டோம். எளிமையைப் பற்றிய கோரிக்கை எங்கே போயிற்று?

1957-இல் காஞ்சிபுரத்தில் வெற்றிபெற்றுச் சட்டமன்றம் சென்ற அண்ணா, 1962-இல் அதே தொகுதியில் தோல்வியுற்று மாநிலங்களவைக்குச் சென்றார். அங்கே 1963-இல், மேற்கு வங்கத்தைச் சேர்ந்த பொதுவுடைமைத் தலைவர் பூபேஷ் குப்தா, சென்னை மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றக் கோரும் தனிநபர் மசோதாவை விவாதத்திற்குக் கொண்டுவந்தார். தமிழர் கோரிக்கைக்காக ஒரு வங்காளி மசோதா கொண்டுவந்தது நினைவில் வைக்கத்தக்கது. விவாதத்தின்போது, பெயரை மாற்றுவதால் என்ன ஆதாயம் கிடைக்கும் என்று அவையில் கேட்கப்பட்டது. நாடாளுமன்ற அவைக்கு லோக் சபா என்றும் குடியரசுத் தலைவருக்கு ராஷ்டிரபதி என்றும் பெயரிட்டதால் உங்களுக்குக் கிடைத்த ஆதாயம் எதுவோ அதுவே எங்களுக்கும் கிடைக்கும் என்ற கருத்துப்பட அண்ணா விடையிறுத்தார். மனநிறைவும் ஓர் ஆதாயமே என்பது அவர் வாதத்தின் சாரம். மசோதா தோற்றது. வாதம் தோற்கவில்லை. பெரியவர்கள் தமக்கென அடையாளங்களை அமைத்துக்கொள்ளும்போது அதற்குச் செலவுக் கணக்கு கேட்கப்படுவதில்லை. எளியவர்கள் கேட்கும்போது மட்டும் கணக்குப் புத்தகம் திறக்கப்படுகிறது.

1967 பொதுத்தேர்தலில் கழகம் பெருவெற்றி பெற்றது. அக்கூட்டணியில் நம் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களின் முஸ்லிம் லீகும் இடம்பெற்றிருந்தது. அரசியல் நிர்ணய சபையிலேயே தமிழை ஆட்சிமொழியாக்க வாதாடிய காயிதே மில்லத்துக்கும் அண்ணாவுக்கும் இடையே இருந்த நட்பு ஆழமானது. மீலாது மேடைகளில் அண்ணா ஆற்றிய உரைகளை நம் முதியோர் பெருமையுடன் கூறுவதைக் கேட்டிருக்கிறோம். இருவருமே பகட்டற்ற வாழ்வினர் என்பது அந்நட்புக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மார்ச் 6-இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அண்ணாவும் அமைச்சர்களும் தங்கள் மாதச் சம்பளத்தை ஆயிரத்திலிருந்து ஐந்நூறு ரூபாயாகக் குறைத்துக்கொண்டனர். முதலமைச்சர் நுங்கம்பாக்கத்தில் தம் வீட்டிலேயே தொடர்ந்து வசித்தார். கோட்டையில் தமிழக அரசு தலைமைச் செயலகம் என்று தமிழில் பெயர்ப்பலகை ஒளிர்ந்தது. ஸ்ரீ, ஸ்ரீமதி என்பவை திரு, திருமதி ஆயின. அரசு இலச்சினையில் வாய்மையே வெல்லும் என்னும் தமிழ்த் தொடர் இடம்பெற்றது. சூலை 18-இல் பெயர்மாற்றத் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் அவரே கொண்டுவந்தார். கட்சி வேறுபாடின்றி ஒருமனதாக நிறைவேறியது. அவையினர் எழுந்து தமிழ்நாட்டை மும்முறை வாழ்த்தியதோடு நிகழ்ச்சி முடிந்தது. பந்தல் இல்லை, தோரணம் இல்லை. அந்தச் சூலை 18-ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடும் அறிவிப்பு 2021-இல்தான் வந்தது.

அதே ஆண்டு இயற்றப்பட்டு 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்தையும் இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். இந்துக்களுக்கு உரிய அச்சட்டம், புரோகிதரும் பெருஞ்சடங்கும் இன்றி, உற்றார் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும் என்றது. அதுவரை அவ்வாறு மணந்தவர்களுக்கும் அது சட்டத்தகுதி அளித்தது. நிக்காஹ்வை எளிமையாக முடிக்கப் பணிக்கப்பட்ட நாம் இன்று மண்டபத்துக்கும் விருந்துக்கும் கடன் வாங்கிக்கொண்டிருக்கும்போது, இச்சட்டத்தை வேற்றார் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அரிசி? தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம் என்றும் ஒரு படியேனும் உறுதி என்றும் கழகம் கூறியிருந்தது. 1967-இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி வழங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் விரிவாக்க அரசின் நிதிநிலை இடந்தரவில்லை. இறுதியில் திட்டமே நின்றுபோயிற்று. இந்நிலையில்தான் 1968 சனவரி 3 முதல் 10 வரை சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. குடியரசுத் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன் தொடங்கிவைத்தார். அலங்கார ஊர்திகள் அணிவகுத்தன. நகரமே ஒளிவெள்ளத்தில் மிதந்தது. கடற்கரைச் சாலையில் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சிதம்பரனார், கண்ணகி ஆகியோருக்கும், தமிழுக்குத் தொண்டாற்றிய மேலைநாட்டவர்களான வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு.போப் ஆகியோருக்கும் ஆகப் பத்துச் சிலைகள் எழுந்தன. சில சிலைகளின் செலவைத் தனியார் நன்கொடையாக ஏற்றனர். மாநாட்டையொட்டி மவுண்ட் ரோட்டில் எம்.ஜி.ஆர். செலவில் அண்ணாவுக்கும் சிலை திறக்கப்பட்டது. அப்போது அவர் உயிரோடு இருந்தார்.

அரிசிக்குப் பணமில்லை, சிலைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுவது இயல்பு. இதற்கு நேர்மையான விடை, இரண்டும் ஒரே அளவிலான செலவுகள் அல்ல என்பதே. அரிசிக்கான மானியம் ஆண்டுதோறும், நாள்தோறும் தொடரும் செலவு. மாநாடு ஒருமுறை முடிந்துபோவது. பத்துச் சிலைகளையும் நிறுத்தாமல் விட்டிருந்தாலும் ஒரு கோடி வீடுகளுக்குப் படியரிசி கிடைத்திராது. எனினும் கேள்வியில் வலு இல்லை என்று கூறிவிட முடியாது. பசித்தவன் கூட்டல் கழித்தல் பார்ப்பதில்லை. ஊர்தியையும் விளக்கையும்தான் பார்க்கிறான். வாக்களித்ததைத் தர இயலாத ஆண்டில் விழாவின் அளவைச் சுருக்கியிருந்தால் அண்ணாவின் மதிப்பு உயர்ந்திருக்குமேயன்றிக் குறைந்திராது என்பது என் கருத்து. உயிரோடு இருப்பவருக்குச் சிலை வைத்ததை என்னால் எவ்வகையிலும் ஏற்க இயலவில்லை. சிலை பற்றி நம் மார்க்கத்தின் நிலை யாவரும் அறிந்ததே. அதை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், சேலத்தில் பட்டங்களைத் துறக்கச் சொன்னவருக்கு அது பொருந்தவில்லை. அன்று தொடங்கிய வழக்கம் பின்னர் எந்த அளவுக்குப் போயிற்று என்பதைச் சாலைகளே கூறும்.

மாநாட்டினால் பயன் விளையாமலும் இல்லை. உலகத் தமிழ் அறிஞர்கள் கூடியதன் தொடர்ச்சியாக 1970-இல் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தோன்றியது. தவத்திரு தனிநாயகம் அடிகள் தொடங்கிய இம்மாநாட்டுத் தொடரில் முதலாவது 1966-இல் கோலாலம்பூரில் நடந்தது. நான்காவது மாநாடு 1974-இல் யாழ்ப்பாணத்தில் நடந்தபோது காவல்துறையினர் புகுந்ததால் உயிர்கள் பறிபோயின. தமிழ் விழா ஒன்றுக்குக் கூடுவதே ஓர் இனத்துக்கு உரிமைப் பிரச்சினையாகிவிட்டது. கடற்கரைச் சிலைகளிலும் கண்ணகி சிலை 2001-இல் அகற்றப்பட்டு, 2006-இல் மீண்டும் நிறுவப்பட்டது. கல்லும் உலோகமும் என்று எளிதாகக் கூறிவிடுகிறோம்; அகற்றும்போதுதான் அதற்குள் எவ்வளவு உணர்ச்சி அடைந்துகிடந்தது என்பது தெரிகிறது.

1968 ஏப்ரலில் அண்ணா அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சப் ஃபெல்லோவாக அழைக்கப்பட்டுப் பெருமை பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் நோயாளியாக நியூயார்க் சென்றார். உணவுக்குழலில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப்பின் நவம்பரில் திரும்பினார். பெயர்மாற்றத்திற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைத்திருந்தது. டிசம்பர் 1-இல் சென்னை பாலர் அரங்கில் நடைபெற்ற பெயர்மாற்ற விழாவுக்குச் செல்ல வேண்டாம் என மருத்துவர்கள் தடுத்தும், நலிந்த உடலோடு சென்று கலந்துகொண்டார். சடங்குகளைச் சாடிய ஒருவர், ஒரு விழாவுக்காகத் தம் உடல்நலத்தையே பணயம் வைத்தார் என்றால், அவ்விழா அவருக்கு வெறுஞ்சடங்கு அன்று.

அம்மாத இறுதியில், டிசம்பர் 25 இரவு, கீழ்த்தஞ்சையில் கீழ்வெண்மணி என்னும் சிற்றூரில், கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். மூன்று வாரங்களுக்குள், 1969 சனவரி 14 பொங்கல் திருநாளில், மாநிலம் சட்டப்படி தமிழ்நாடு ஆயிற்று. இவ்விரு தேதிகளையும் அடுத்தடுத்து எழுதும்போது பேனா தயங்குகிறது. பெயர் கிடைத்த நாட்டில், உழுதவர்க்கு அரைப்படி நெல் கூடுதலாகக் கிடைக்கவில்லை. பெயரால் சோறு வராது என்பாரின் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. ஆனால் பெயரை மாற்றாமல் இருந்திருந்தால் வெண்மணி தப்பியிருக்குமா என்று கேட்டால், அதற்கும் இல்லை என்பதே விடை. ஒன்றின் குறையை மற்றொன்றின் தலையில் ஏற்றுவது முறையாகாது. பெயர்ப்பலகையை மாற்றுவதோடு கடமை முடிந்துவிட்டது என்று ஓர் அரசு எண்ணுமானால் மட்டுமே குற்றம் பெயரின் மேல் சாரும். அண்ணா அவ்வாறு எண்ணினாரா என்பதைக் காலம் சோதிக்கவில்லை. அவருக்கு நாள் இல்லை.

அந்தப் பொங்கல் நாளில் சென்னை தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலையைத் திறந்துவைத்ததே அவர் கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சி. 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின் உயிர் பிரிந்தது. அகவை 59. ஆட்சியில் இருந்தது இரண்டு ஆண்டுகூட இல்லை. உடல் ராஜாஜி மண்டபத்தில் வைக்கப்பட்டு, மறுநாள் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டது. ஒன்றரைக் கோடி மக்கள் திரண்டதாகக் கின்னஸ் நூல் பதிவு செய்தது. எண்ணிக்கை எப்படியாயினும், சென்னை அதற்குமுன் கண்டிராத கூட்டம் அது. அம்மக்களை எவரும் லாரி வைத்து அழைத்துவரவில்லை. தலைக்கு இவ்வளவு என்று பணம் தரவும் இல்லை. இரயில் கூரைமேல் ஏறி வந்தவர்களுள் பலர் பாலத்தில் மோதி உயிரிழந்த கொடுமையும் நிகழ்ந்தது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல் முகத்தஸ் நகரின் பொறுப்பை ஏற்கச் சென்றபோது ஒட்டுப்போட்ட ஆடையுடன், படைப்பரிவாரமின்றிச் சென்றதை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அரச ஊர்வலத்தை எதிர்பார்த்து நின்றவர்கள் வியந்தனர். எளிமையும் ஓர் அடையாளமே. அதுவும் மக்களோடு பேசும் மொழியே. அதற்குச் செலவில்லை என்பதால் அதன் பொருள் குறைந்துவிடவில்லை. அண்ணாவின் கலைந்த தலைமுடியும் கசங்கிய சட்டையும், ஐந்நூறு ரூபாய்ச் சம்பளமும் அவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பின்பற்ற அவருக்குப்பின் வந்தோரிடையே போட்டி இருந்ததாகத் தெரியவில்லை. சிலைக்கும் வளைவுக்கும்தான் போட்டி நடந்தது.

காஞ்சிபுரத்தில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாகப் பேணப்படுகிறது. பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்வோர், அறைகளின் சிறுமையைச் சுட்டிக்காட்டினால் நன்று. அங்கிருந்து காரப்பேட்டைக்குச் சென்றால் அவர் பெயரால் அமைந்த அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அவர் உயிரைக் கவர்ந்த அதே நோய்க்குச் சிகிச்சை பெற, பல மாவட்டங்களிலிருந்து ஏழை எளியோர் துணிப்பையில் மருத்துவச் சீட்டுகளோடு நாள்தோறும் அங்கே வந்து காத்திருக்கின்றனர்.